கருணாம்பிகையின் கார் இழுத்த பக்கம்

முத்தையன்வலசில் கருணாம்பிகை டிரைவிங் ஸ்கூலின் வெள்ளைக் கார் முதன்முதலாக ஒரு பக்கமாக இழுத்தது ஒரு சந்தை நாள் காலையில், அதுவும் ஒரு வெள்ளாட்டுக் குட்டிக்காக. ஸ்டீயரிங் பிடித்துப் பழகிக்கொண்டிருந்த பேங்க்காரப் பெண், குட்டி குறுக்கே வந்ததும் "ஐயோ" என்று இரண்டு கையையும் எடுத்துக் கண்ணைப் பொத்திக்கொள்ள, இடது சீட்டில் இருந்த கருணாம்பிகை வழக்கம்போல் தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை அமுத்தினாள். வண்டி நிற்கவில்லை. குட்டியை நோகாமல் விலக்கி, இடப்பக்கமாகத் தலையைத் திருப்பி, வெற்றிலைக் கடைக்கும் தேர்க் கொட்டகைக்கும் நடுவில் புகுந்து, பொழுது சாயப் பட்டிக்குத் திரும்பும் எருமையைப் போல யாரையும் கேட்காமல் நிதானமாக நடந்து போய், நாச்சிமுத்துவின் தேங்காய்க் களத்து இரும்புக் கேட்டுக்கு ஒரு சாண் முன்னால் மூச்சு வாங்கி நின்றது.

கேட்டுக்கு உள்ளே நாச்சிமுத்து ஒரு கையில் ரப்பர் பைப்பைப் பிடித்துச் செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க," என்றார்.

"பிரேக் சரியில்லீங்க," என்று சொல்லிவிட்டு, கருணாம்பிகை பேங்க்காரப் பெண்ணின் கையைத் தட்டி ரிவர்ஸ் கியரைத் தானே போட்டாள்.

கருணாம்பிகை நாற்பத்தைந்தைத் தாண்டியவள். புருசன் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்தபோது, மிச்சமிருந்த பழைய காரை விற்றுவிடு என்று சொன்ன ஒறம்பரைச் சொந்தக்காரர்களின் கண்ணெதிரிலேயே அதை ஓட்டிப் பழகி, அப்புறம் அவர்கள் பிள்ளைகளுக்கே பழக்கிக்கொடுத்து, ஊரில் பாதிப்பேரை ரோட்டில் இறக்கிவிட்டவள். நாச்சிமுத்துவும் அவளிடம்தான் பழகினார். பெண்சாதி இறந்து, மகள் கல்யாணமாகிப் போன பிறகு, மகளைப் பார்க்கப் போக வேண்டும் என்று வந்தவர், கிளட்சை விடத் தெரியாமல் வண்டியைத் தவளை மாதிரி குதிக்க வைத்துப் பல மாதம் போராடி லைசென்ஸ் வாங்கினார். லைசென்ஸ் கைக்கு வந்த அன்று, ஒரு தூக்கு நிறையத் தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீங்களும் ஒத்தையில இருக்கறீங்க, நானும் ஒத்தையில இருக்கறேன். நான் கேக்கறது தப்பா இருந்தா மறந்துருங்க. இல்லாட்டி யோசிச்சுச் சொல்லுங்க."

வேண்டாம் என்பதாக இருந்தால் கருணாம்பிகை வாசற்படியிலேயே சொல்லியிருப்பாள். அந்த வார்த்தை அவளுக்கு எளிது. அதைச் சொல்லித்தான் இத்தனை காலம் மரியாதையாகப் பிழைத்திருக்கிறாள். அன்றைக்கு அது வாயில் வரவில்லை என்பதுதான் அவளுக்குப் பெரிய தொந்தரவாகிவிட்டது. அன்றிலிருந்து களத்து வீதியில் போவதை விட்டுக் குளத்து மேடு சுற்றிப் போனாள். கோயிலில் அவர் பிரகாரம் சுற்றினால் இவள் எதிர்ப்புறமாகச் சுற்றினாள். எண்ணெய் தீர்ந்தபோது பக்கத்து ஊருக்குப் போய் வாங்கினாள்.

இப்போது வண்டி இப்படிச் செய்துவிட்டதே என்று நேராக மெக்கானிக் சென்னியப்பனிடம் கொண்டுபோய் விட்டாள்.

சென்னியப்பன் வாய்க்காரர். அவர் கை வைத்த வண்டியை வேறு ஒருவர் தொட்டால் அந்த வண்டியோடு பேச மாட்டார். "பிரேக் புடிச்சா இடது பக்கம் இழுக்குதா? அப்ப வலது பக்கம் புடிக்கலைன்னு அர்த்தம். இதெல்லாம் ஒரு சீக்காங்க்கா? போயிட்டு வாங்க, டீ ஆறறதுக்குள்ள முடிச்சு வெக்கறேன்," என்றார். டீ ஆறியது. நான்கு டயரிலும் காற்றைப் பார்த்தார், சமமாக இருந்தது. ஜாக்கி போட்டுத் தூக்கி ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுற்றிப் பார்த்தார், எதுவும் பிடித்துக்கொண்டு உரசவில்லை. இரண்டு பக்கத்துப் பிரேக் கட்டையையும் கழற்றி ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தார், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே அளவில் தேய்ந்திருந்தன. கட்டையை அமுக்கும் பிஸ்டன் வெண்ணெயில் கத்தி போவதுபோல் போய்வந்தது. பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய் உள்ளே ஊதி அடைத்திருக்கிறதா என்று அதையும் மாற்றினார். முன் சக்கரங்களை இடம் மாற்றிப் போட்டால் இழுப்பும் பக்கம் மாறுகிறதா பார்ப்போம் என்று மாற்றியும் போட்டார். கடைசியில், குறையில்லாத ஒன்றைப் பார்த்தால் வரும் கோபத்தோடு, தானே ஏறி ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்.

பஸ் ஸ்டாண்டு முக்கில் பிரேக்கை மிதித்தார். வண்டி வலது பக்கம் இழுத்தது. சந்துக்குள் நுழைந்து, மாவு மில்லைச் சுற்றி, மாடிப்படிக்குக் கீழே போர்டு மாட்டியிருந்த பல் டாக்டரின் வாசலில் போய் நின்றது. டாக்டர் வாசலில்தான் நின்றிருந்தார்.

"வாங்கண்ணா. வைகாசியில வரேன்னு சொன்ன கடவாய்ப் பல்லுதானே? உள்ள வாங்க."

பொழுது சாய்ந்து கருணாம்பிகை வண்டியை எடுக்கப் போனபோது, சென்னியப்பன் கன்னம் வீங்கி, வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு டயர்க் குவியல் மேல் உட்கார்ந்திருந்தார்.

"வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க்கா," என்றார் பஞ்சுக்கு இடையிலிருந்து. "நமக்குத்தான். உங்களுக்கு இடது, எனக்கு வலது. ஒரு மெசின் ஆளுக்கொரு பக்கம் இழுக்காது. நான் யார் கண்ணுல படாம ஒளிஞ்சு திரிஞ்சனோ, அந்த ஆளோட வாசல்ல கொண்டுபோய் விட்டுருச்சு." பிறகு சற்று யோசித்து, "உங்கள எங்கீங்க்கா விட்டுச்சு?" என்றார்.

கருணாம்பிகை சாவியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினாள்.

சென்னியப்பன் வாய்க்காரர் என்று சொன்னேன் அல்லவா, பஞ்சை எடுப்பதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்டது. இது எப்படி நடக்கும் என்று முத்தையன்வலசில் யாரும் கேட்கவில்லை. மழை ஏன் பெய்கிறது என்றா கேட்டோம், பெய்தால் துணியை எடுக்கிறோம் என்கிற மாதிரி, அடுத்து யாரை ஏற்றுவது என்பதைத்தான் பேசினார்கள். அதுவரை வண்டி பழகப் பெண்டுகளை அனுப்பாத வீடுகளிலிருந்து பெண்டுகள் வந்தார்கள், புருசன்மாரையும் கூட இழுத்துக்கொண்டு. "இவுங்களுக்குப் பழக்கி விடுங்க்கா. முக்கியமா பிரேக்கு," என்றார்கள்.

உள்ளூர்ச் சலூன்காரரிடமே பிறந்த முடி எடுத்து, மாப்பிள்ளைச் சவரம் செய்துகொண்டு, பிறகு தாராபுரத்தில் சுற்றிலும் கண்ணாடி வைத்த புதுச் சலூனில் ஆசைப்பட்டு முடி வெட்டிக்கொண்டு, அன்றிலிருந்து தலையில் துண்டைப் போட்டபடி உள்ளூர்ச் சலூன் வாசலைக் கடந்து வந்த சோடாக்கடைக்காரரை வண்டி சலூன் வாசலில் இறக்கியது. சலூன்காரர் துண்டை எடுத்துப் பார்த்து, "காதோரம் ஏத்தி வெட்டிட்டான் பாருங்க," என்று மட்டும் சொல்லி, உட்கார வைத்துச் சரி செய்து அனுப்பினார். சம்பந்தி வீட்டுச் சாவுக்கு அன்றைக்கே போகாமல், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளி, இனி எந்த முகத்தோடு போவது என்று அந்தத் தெருவையே விட்டுவிட்ட ஜவுளிக்கடை மூர்த்தி, பிரேக்கில் கால் வைத்த நிமிடத்தில் அந்த வீட்டு வாசலில் இருந்தார். வண்டிக்குள்ளேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டார்கள். இரவல் வாங்கிய இட்லிக் கொப்பரையைத் திருப்பித் தராதவர்கள், ஜாதகத்தை வாங்கிவிட்டுப் பதில் சொல்லாதவர்கள், கோயில் நோம்பிக் கூட்டத்தில் கோபமாக ஒரு வார்த்தை விட்டுவிட்டு அதை எடுக்க முடியாதவர்கள் எல்லாரும் வாசல் வாசலாகக் கொண்டுபோய் விடப்பட்டார்கள். ஊரில் காப்பித்தூள் விற்பனை கூடியது, ஏனென்றால் தெருமுனையில் பிரேக் சத்தம் கேட்டால் இன்னார் வீட்டுக்கென்று தெரியாமல் எல்லா வீட்டிலும் பால் காய ஆரம்பித்தது. வாசல் கேட்டு குறுகலாக இருந்தவர்கள் அகலமாக்கினார்கள். சந்திக்கிற இடத்தில் சௌக்கியமா என்று கேட்பது போய், "உங்களுக்கு எந்தப் பக்கம் இழுக்குதுங்க?" என்று கேட்பது பழக்கமாயிற்று.

ஒருவருக்கு மட்டும் மனத்தாங்கல். ரிட்டையரான தபால்காரர் அம்மாசை தினமும் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலியோடு உட்கார்ந்தார். வண்டி அவர் வீட்டைக் கடந்து எல்லா வீட்டுக்கும் போனது, அவர் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. "என்னையப் பாத்து ஒளியறதுக்கு இந்த ஊர்ல ஒருத்தனுமில்லையா? அம்புட்டுக் கேவலமாவா பொழைச்சேன்?" என்று ஆதங்கப்பட்டு, அடுத்த வாரம் முழுக்க வீடு வீடாகப் போய்ச் சண்டை பிடித்தார். அதற்கப்புறம்தான் இரண்டு தடவை வந்தது, அவருக்கும் நிம்மதியாயிற்று.

இப்படி ஊர் முழுவதும் அவரவர் கணக்கைத் தீர்த்துக்கொண்டிருக்க, பிரேக் போட முடியாமல் தவித்தது வண்டிக்காரி ஒருத்திதான். கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, மேடு பார்த்து நிறுத்தி எப்படியோ சமாளித்தாள். ஆனால் பழக வருகிறவர்கள் பயந்து கண்ணைப் பொத்தும்போது என்ன செய்வது? அவள் கால் தன்னால் அமுத்தும். வண்டி களத்துக்குப் போகும். தேங்காய் உடைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் அரிவாளை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். நாச்சிமுத்து பைப்போடு நிற்பார். "மழை வரும்போல இருக்குதுங்க," என்பார். இன்னொரு நாள், "வெயில் ரொம்ப எச்சா இருக்குதுங்க," என்பார். அவர் வேறு எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டாவது ஒரு பதிலைச் சொல்லியிருப்பாள். அவள் ரிவர்ஸ் எடுப்பாள். முத்தையன்வலசில் அவளைப்போல் நேர்த்தியாக ரிவர்ஸ் எடுக்க ஆளில்லை என்று பேரானது.

கார்த்திகையில் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். யாரோ மேலே எழுதிப் போட்டிருந்தார்கள். ஒல்லியான, சிரிக்காத மனிதர். சென்னியப்பன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "எதுக்காக இழுக்குதுன்னு எனக்குத் தேவையில்லீங்க. பிரேக் புடிச்சா வண்டி நேரா நிக்கணும். நிக்கலைன்னா தகுதிச் சான்று ரத்து. ஸ்கூலையும் மூட வேண்டியதுதான்," என்றார். சந்தைப்பேட்டை மைதானத்தில் சுண்ணாம்பில் ஒரு நேர்கோடும் அது முடியும் இடத்தில் ஒரு குறுக்குக் கோடும் போடச் சொல்லி, தானே ஏறி உட்கார்ந்தார். ஊரே வேலியோரம் நின்றது. குறுக்குக் கோட்டில் பிரேக்கை மிதித்தார். வண்டி பின்பக்கமாகத் திரும்பி, மைதானத்தை விட்டு வெளியேறி, பிள்ளையார் கோயில் வீதியில் ஒரு மஞ்சள் வீட்டு வாசலில் போய் நின்றது.

உள்ளிருந்து வந்த அம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "வாடா பெரிய ஆபீசரு. புது வீடு கட்டிக் குடி போனயாமா. கூடப் பொறந்தவளுக்கு ஒரு பத்திரிகை வெக்கறதுக்கு உன்ற காரு இந்தப் பக்கம் வரலையா?"

இன்ஸ்பெக்டர் மத்தியானத்துக்கு மேல்தான் திரும்பினார். கண் சிவந்திருந்தது, கையில் அக்கா கட்டிக்கொடுத்த முறுக்குப் பொட்டலம் இருந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தான் என்றார். "நான் ஓட்டுனது கணக்குல இல்லீங்க. வண்டிக்கு உடையவங்க ஓட்டணும். நாளைக்குக் காலையில இதே கோட்டுல நேரா நிறுத்துங்க, கையெழுத்துப் போட்டுக் குடுக்கறேன். ராத்திரி அக்கா வீட்லதான் தங்கறேன்."

கருணாம்பிகை வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தாள். ஸ்கூலை மூடினால் என்ன ஆவோம் என்று யோசித்தபோது பயம் வந்தது. நாச்சிமுத்துவை நினைத்தபோதும் அதே பயம்தான் வந்தது. தானே சமைத்து, தானே தின்று, தானே பூட்டித் தானே திறக்கிற வீட்டைச் சுற்றிலும் பார்த்தாள். பிறகு திடீரென்று ஒரு யோசனை வந்து தானாகச் சிரித்துக்கொண்டாள். வண்டியை நிறுத்துவது எப்படி என்பதை விட்டுவிட்டு, அது எங்கே போகிறதோ அதை எடுத்து வேண்டிய இடத்தில் வைத்துவிட்டால் என்ன?

வெளிச்சம் இருக்கும்போதே, காரை விட்டுவிட்டு, நடந்தே களத்துக்குப் போனாள். கேட்டைத் தானே திறந்தாள்.

காய்ந்த தேங்காய்ப் பருப்பைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்த நாச்சிமுத்து நிமிர்ந்து, வண்டி எங்கே என்று அவளுக்குப் பின்னால் தேடினார்.

"நடந்துதான் வந்தேனுங்க," என்றாள். "நாளைக்குக் காலையில ஒரு ஒத்தாசை செய்யணும்."

"சொல்லுங்க."

"சந்தைப்பேட்டையில கோடு போட்டிருக்குது. அந்தக் கோட்டுக்கு நேரா, மைதானத்துக்கு அந்தக் கடைசியில நீங்க வந்து நிக்கணும். நான் பிரேக் போட்டா வண்டி உங்களப் பாத்துத்தான் வரும். நீங்க நேரா நின்னா வண்டியும் நேராத்தானே வரும்? இன்ஸ்பெக்டருக்கு நேரா வந்தாப் போதும்."

நாச்சிமுத்து கூடையைக் கீழே வைத்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் கொஞ்சம் கோபம் வந்ததைக் கருணாம்பிகை பார்த்தாள்.

"அப்ப, நான் கேட்டதுக்குப் பதில் இல்லீங்களா?"

"வேண்டாம்னு சொல்ல வாய் வரலீங்க," என்றாள் அவள். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது. "சரின்னு சொல்லறதுக்குப் பயமா இருக்குது. இத்தன வருசமா என்ற இஷ்டத்துக்கு இருந்துட்டேன். இதைச் சொல்லத் தெரியாமத்தான் ஓடிட்டு இருந்தேன்."

நாச்சிமுத்து வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். கோபம் போய்விட்டிருந்தது. "எனக்கென்ன தைரியமா? நீங்க ஒவ்வொரு தடவ ரிவர்ஸ் எடுக்கறப்பவும் ஜன்னல்கிட்ட வந்து கேட்டிருக்கலாம். வேண்டாம்னு சொல்லிப்போட்டா என்ன பண்றதுன்னுதான் மழையையும் வெயிலையும் பேசிட்டு நின்னேன். அந்தச் செடியெல்லாம் தண்ணி விட்டு விட்டே அழுகிப்போச்சுங்க." பிறகு, "எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.

அவள் நேரத்தைச் சொன்னாள். களத்துப் பெண்கள் இரண்டு பேர் அவசரமாக வீட்டுக்குக் கிளம்பினார்கள், ஊருக்குச் சொல்ல.

காலையில் வேலியோரம் நிற்க இடமில்லை. மைதானத்தின் அந்தக் கடைசியில் நாச்சிமுத்து சலவை வேட்டியும் சட்டையுமாக, நெற்றியில் திருநீற்றோடு, காலை அகட்டி வைத்து நின்றிருந்தார். வண்டி கிளம்பிய சத்தம் கேட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கருணாம்பிகை இரண்டாவது கியரில் இருந்து மூன்றாவதுக்குப் போட்டு, கோட்டின் மேலேயே ஓட்டி வந்து, குறுக்குக் கோட்டில் பிரேக்கை அழுத்தி மிதித்தாள்.

வண்டி நின்றது. சுண்ணாம்புக் கோட்டின் மேல், நேராக, எந்த ஊரிலும் எந்தக் காரும் நிற்பதைப் போல நின்றது. இடது பக்கமும் போகவில்லை, வலது பக்கமும் போகவில்லை, நாச்சிமுத்துவை நோக்கி ஒரு முழம் கூட நகரவில்லை. வேலியோரத்திலிருந்து ஒரு ஏமாற்றப் பெருமூச்சு எழுந்து மைதானத்தைக் கடந்து போனது. இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து சக்கரத் தடத்தைப் பார்த்து, பானெட்டின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

கருணாம்பிகைக்குச் சந்தோசம் வரவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, வண்டி ஏன் போகவில்லை என்று உட்கார்ந்திருந்தாள். அந்தக் கடைசியில் அந்த மனிதர் இன்னும் கண்ணை மூடிக்கொண்டு, இதோ வந்து இடிக்கப்போகிறது என்று உடம்பை விறைத்து நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்த பிறகு காலை எங்கே வைப்பது என்று தெரிந்துவிட்டது. கதவைத் திறந்து இறங்கி, ஊர் பார்க்க, மைதானத்தின் நடுவாக நடந்து போனாள்.

"கண்ணத் தொறங்க. வண்டி வராது. நான்தான் நேத்தே நடந்து வந்துட்டனே," என்றாள்.

அவர் திறந்தார். காரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "பாஸ் ஆயிட்டீங்களா?"

"ஆயிட்டேன். கல்யாணங்காச்சி எல்லாம் இப்ப வேண்டாமுங்க. ஞாயித்துக்கெழமை மத்தியானம் சோத்துக்கு வாங்க. என்ற ஊட்டுக்கு. அதுக்கப்பறம் என்னன்னு ரெண்டு பேருமாப் பாக்கலாம்."

"வரேனுங்க," என்றார் நாச்சிமுத்து. "இப்ப உங்களைக் கொண்டுபோய் ஊட்ல விட்டுடட்டுமா? நான் ஓட்டறேன்."

கருணாம்பிகை சாவியைக் கொடுத்தாள். அவர் வலது சீட்டில் ஏறினார், அவள் தன்னுடைய இடது சீட்டில் ஏறினாள். கிளட்சை அவர் இன்னும் சரியாக விடவில்லை, வண்டி இரண்டு குதி குதித்து அப்புறம்தான் கிளம்பியது. ஜனங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். நால்ரோட்டில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வர, நாச்சிமுத்து பிரேக்கை மிதித்தார்.

வண்டி சட்டென்று வலது பக்கம் இழுத்தது. அரிசிக் கடையைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, ஒரு பச்சைக் கேட்டுக்கு முன்னால் போய் நின்றது. இருவரும் அந்தக் கேட்டைப் பார்த்தார்கள்.

"இது யார் வீடுங்க?" என்று கேட்டாள் கருணாம்பிகை.

நாச்சிமுத்துவின் காது மடல் சிவந்துவிட்டது. "எங்க பெரியண்ணி வீடுங்க. எனக்குப் பொண்ணு பாத்து வெச்சிருக்கறதா ஆறு மாசமாச் சொல்லிட்டு இருக்கறாங்க. வெள்ளக்கோயில் பக்கம். பதில் சொல்லாம நானும் இந்த வீதிக்கே வராம..."

கதவு திறந்தது. கண்ணாடி போட்ட, கனத்த சரீரமுள்ள ஓர் அம்மாள் முறத்தோடு வாசலுக்கு வந்து, காருக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று குனிந்து பார்த்தாள்.

நாச்சிமுத்துவின் கை ரிவர்ஸ் கியரைத் தேடியது. கருணாம்பிகை அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து அமுக்கி, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தாள்.

"எறங்குங்க," என்றாள், முந்தானையைச் சரி செய்தபடி. "நானும் வரேன்."